யாருடைய நலன், தேசிய நலன்? கொழும்பின் எழுச்சிகளும் தில்லியின் கணக்கும்

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடிக்கு 'மித்ர விபூஷண' விருதை அணிவித்தார். அதே பயணத்தில் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. திசாநாயக்கவின் கட்சி மக்கள் விடுதலை முன்னணி; ஜே.வி.பி. என்றால் நம் வாசகர்கள் எளிதில் அறிவர். சரியாக 54 ஆண்டுகளுக்கு முன், 1971 ஏப்ரல் 5 அன்று, அதே கட்சியின் இளைஞர்கள் இலங்கையின் காவல் நிலையங்களைத் தாக்கித் தங்கள் எழுச்சியைத் தொடங்கினர். அவ்வெழுச்சியை ஒடுக்கச் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு கேட்ட உதவியை உடனடியாக அனுப்பிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. தேதிகள் ஒன்றானது தற்செயல். ஆனால், ஒரு வல்லரசாக விரும்பும் நாடு மக்கள் எழுச்சிகளை எப்படிப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இத்தற்செயலைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

தேனி, போடி, உத்தமபாளையம் பகுதி மாணவர்களோடு அரசமைப்புச் சட்டம் குறித்து நாம் உரையாடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. 2021இல் யாங்கோன் தெருக்களில், 2022இல் காலிமுகத் திடலில், 2024இல் டாக்காவில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது இந்தியா என்ன செய்திருக்க வேண்டும்? தன் நலனைப் பார்த்திருக்க வேண்டுமா, கொள்கையைப் பார்த்திருக்க வேண்டுமா? கேள்வி நியாயமானதே. ஆனால் தராசின் இரு தட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தராசைப் பிடித்திருக்கும் கை கண்ணில் படாமல் போகும். தேசிய நலன் என்னும்போது அந்தத் தேசத்துக்குள் யார் யார் கணக்கில் சேர்க்கப்பட்டனர்? முடிவெடுக்கும் முன் யாரிடம் கேட்கப்பட்டது? சேரியிலிருந்து வெளியுறவைப் பார்ப்பவர்களுக்கு இதுவே முதல் கேள்வியாக இருக்க முடியும்.

1971ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அந்த ஆண்டின் வசந்தத்தில் தெற்காசியாவில் இரண்டு எழுச்சிகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெடித்தன. மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் படுகொலையைத் தொடங்கியது. மார்ச் 31 அன்று இந்திய நாடாளுமன்றம் கிழக்கு வங்க மக்களின் போராட்டத்துக்கு ஆதரவும் ஒருமைப்பாடும் தெரிவித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மக்களாட்சி, மனித உரிமை ஆகியவற்றின் பெயரால் நிறைவேறிய தீர்மானம் அது. அடுத்த சில நாட்களில் இலங்கை எழுச்சி. இம்முறை இந்திய ஹெலிகாப்டர்கள் அரசின் பக்கம் நின்றன. விமான நிலையத்தைக் காக்க இந்தியப் படையினர் இறங்கினர். கரையோரத்தை இந்தியக் கடற்படைக் கப்பல்கள் சுற்றிவந்தன. ஆட்சி ஒன்றே, பிரதமரும் ஒருவரே.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. இலங்கை அரசுக்கு ஹெலிகாப்டர் அனுப்பிய நாடுகளில் பாகிஸ்தானும் இருந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஆயுதமோ தளவாடமோ தந்தன. உலகப் புரட்சி பேசிய சீனத்தின் பிரதமர் சூ என்லாய், சிறிமாவோவுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியதோடு கடனுதவியும் அளித்தார். வங்கப் பிரச்சினையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த அத்தனை நாடுகளும், கிராமத்துப் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கு எதிராக ஓரணியில் நின்றன. அவ்விளைஞர்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். இந்திய வான்வெளி மூடப்பட்டதால் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பு வழியாகவே கிழக்கு வங்கத்துக்குப் பறந்துகொண்டிருந்த காலம் அது. அப்படியிருந்தும் தில்லி கொழும்பைக் கைவிடவில்லை. கைவிட்டால் கொழும்பு இன்னும் தொலைவாகப் போய்விடும் என்பதே கணக்கு.

கணக்கு என்ற அளவில் இதைக் குறைகூற முடியாது என்பவர்கள் உண்டு. அவர்களுடைய வாதத்துக்கு வலுவும் உண்டு. கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்து சேர்ந்தனர். அங்கே கொள்கையும் நலனும் ஒரே திசையில் இழுத்தன. இலங்கையில் எழுந்தவர்களோ இந்தியாவைப் பகையாகவே கண்டனர். ஜே.வி.பி. தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விரிவாதிக்கம்' பற்றியது. நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த வகுப்பில் விரிவாதிக்கத்தின் கருவியாகச் சுட்டப்பட்டவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். தேயிலைக் கூடையைச் சுமந்து லயன் அறையில் உறங்கியவர்கள், ஒரு பேரரசின் முன்னணிப் படையாகச் சித்திரிக்கப்பட்டனர்!

1971இன் இளைஞர்களுள் பெருந்தொகையானோர் சிங்களச் சமூகத்தில் தாழ்த்தப்பட்ட பத்கம, வகும்புர சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். மலையகத் தமிழர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், அருந்ததியர். இரு நாட்டு ஒடுக்கப்பட்டோர் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமலேயே அந்த எழுச்சி நசுக்கப்பட்டது. ஆகவே, மக்கள் எழுச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் கைகூப்பும் பழக்கமும் நமக்கு வேண்டியதில்லை. எழுந்த மக்களுக்குள் யார் இல்லை என்பதும் கேட்கப்பட வேண்டும்.

மலையக மக்களின் கதையை மாணவர்கள் பலர் அறியாமல் இருப்பது நமக்கு வியப்பளிக்கிறது. பஞ்சமும் சாதியும் கடனும் விரட்ட, அன்றைய மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் திரட்டிச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். (நம் தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது.) 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் விடுதலை பெற்ற இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடாக இருந்தது. 1964 மே மாதம் நேரு இறந்தார். அக்டோபர் 16இல் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உடன்பாட்டுக்கு வந்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். அவர்களைப் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் ஒப்புக்கொண்டனர்.

1962 போருக்குப் பின் சீனத்தை அஞ்சிய தில்லிக்கு இலங்கையின் நட்பு தேவைப்பட்டது. அந்த நட்புக்கான விலையைத் தில்லியில் எவரும் செலுத்தவில்லை; நுவரெலியாவிலும் பதுளையிலும் ஹட்டனிலும் இருந்தவர்கள் செலுத்தினர். எந்தக் குடும்பம் எந்தக் கரையில் வாழும் என்பது முடிவானபோது அம்மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. தாயகம் திரும்பியோர் என்று அரசு அவர்களுக்குப் பெயர் சூட்டியது. பலருக்கு அது கண்ணால் கண்டிராத தாயகம். அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்று நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறியவர்கள் ஓரளவு பிழைத்தனர். (கூடலூர் என்றதும் நம் பள்ளத்தாக்கு வாசகர்கள் லோயர் கேம்ப் அருகிலுள்ள கூடலூரை நினைத்துவிட வேண்டாம்.) மற்றவர்கள் சிதறினர். சாதிச் சான்றிதழ் கேட்டு அலையும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளை வழக்குரைஞர்களாகிய நாம் இன்றும் சந்திக்கிறோம். பூர்வீக ஊரைக் காட்டு என்கிறார்கள். அந்த ஊர் எது என்பது பாட்டியோடு போய்விட்டது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால் கசப்பு கூடுகிறது. மேற்கு வங்கத்தின் பெருபாரி ஒன்றியத்தில் பாதியைப் பாகிஸ்தானுக்குத் தர 1958இல் நேரு ஒப்புக்கொண்டார். முழு ஒன்றியத்தின் பரப்பே ஒன்பது சதுர மைலுக்கும் குறைவு. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, இந்திய நிலத்தை விட்டுக்கொடுக்கப் பிரதமரின் கையெழுத்துப் போதாது, அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்காகவே ஒன்பதாவது திருத்தம் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஐந்தேகால் லட்சம் மனிதர்களின் வாழ்விடத்தை மாற்றும் உடன்பாடு வந்தபோது, இரு பிரதமர்களுக்கு இடையிலான கடிதப் பரிமாற்றமே போதுமானதாக இருந்தது. அவர்கள் அப்போது இந்தியக் குடிமக்கள் அல்லர் என்று சட்டம் பதில் சொல்லும். உண்மைதான். நிலத்துக்கு வாய் இல்லாவிட்டாலும் அரசமைப்பு அதற்காகப் பேசியது. அம்மனிதர்களுக்காகப் பேச எந்த விதியும் இருக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

அரசமைப்பின் 51ஆவது உறுப்பு, பன்னாட்டு அமைதியையும் நாடுகளுக்கிடையே நேர்மையும் கண்ணியமும் கொண்ட உறவையும் வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி. 37ஆவது உறுப்பின்படி நீதிமன்றத்தில் கேட்டுப்பெற இயலாது. ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று முறைப்படுத்தும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. ஆகவே நடைமுறையில் வெளியுறவு என்பது அமைச்சரவையும் அதிகாரிகளும் மூடிய அறையில் எடுக்கும் முடிவு. அந்த அறைக்குள் தோட்டத் தொழிலாளி எந்தக் காலத்திலும் நுழைந்ததில்லை. கொள்கை வென்றதா நலன் வென்றதா என்று வெளியே நின்று விவாதிக்கும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களில் தலித் பெண்களே அதிகம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் முற்றியபோது, தோட்டங்களிலிருந்து அவர்கள் அச்சத்தோடு திரும்பி ஓடிவர நேர்ந்தது. பல்லாயிரம் மக்கள் குமுளி நோக்கித் திரண்டனர். தடையுத்தரவும் தடியடியும் வந்தன. பிறகு இரு அரசுகளும் 136 அடியா 142 அடியா என்று வழக்காடின. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு ஒப்புதல் அளித்தது. தண்ணீர் நமக்கு உயிர்; அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் மாதக்கணக்கில் கூலி இழந்த அப்பெண்களின் பேச்சு எந்தத் தரப்பின் மனுவிலும் மையமாக இருந்ததில்லை. இரண்டு அரசுகள் மோதும்போதும் சமாதானமாகும்போதும் எல்லையைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டே தேவையில்லை.

அம்பேத்கர் இவ்விஷயத்தில் என்ன கருதினார் என்று கேட்கும் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவரை எளிதாகக் கொள்கைவாதி என்றோ நலன்வாதி என்றோ முத்திரை குத்த முடியாது. 1951 அக்டோபர் 10ஆம் நாளிட்ட பதவி விலகல் அறிக்கையில், அமைச்சரவையை விட்டு வெளியேறியதற்கான காரணங்களுள் ஒன்றாக வெளியுறவுக் கொள்கையை அவர் வைக்கிறார். ஆண்டு வருவாயான 350 கோடி ரூபாயில் 180 கோடி இராணுவத்துக்குச் செல்கிறது. நண்பர்கள் இல்லாததால் வந்த செலவு இது என்பது அவர் குற்றச்சாட்டு. இலட்சியம் பேசி நாட்டைத் தனிமைப்படுத்துகிறீர்கள் என்று நேருவைக் கண்டித்தார். இந்த இடத்தில் அவர் நலனின் பக்கம் நிற்பதுபோல் தோன்றும். ஆனால் அதே அறிக்கையில், காஷ்மீரை விடவும் கிழக்கு வங்கத்தில் துன்புறும் நம் மக்கள்மீது கவனம் செல்ல வேண்டும் என்கிறார். காஷ்மீரைப் பொறுத்தவரை பிரிவினையை முன்மொழிந்ததோடு, வேண்டுமானால் பள்ளத்தாக்கு மக்களிடம் மட்டும் வாக்கெடுப்பு நடத்தலாம் என்கிறார். பட்டியல் சாதி மக்கள் எங்கே சிக்கியிருக்கிறார்கள், சம்பந்தப்பட்ட மக்களிடம் கேட்கப்பட்டதா என்னும் இரண்டும் அவருடைய வெளியுறவுச் சிந்தனையின் முளைகள். இராணுவச் செலவைக் கூட, பட்டினியால் வாடுபவர்களின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும் பணம் என்றே அவர் பார்த்தார்.

அவர் கவலைப்பட்ட கிழக்கு வங்க மக்களுக்கு என்ன நேர்ந்தது? 1971க்கு முன்பிருந்தே இந்தியாவுக்கு வந்த நாமசூத்திர அகதிகள், வங்கத்தைவிட்டுத் தண்டகாரண்யத்தின் வறண்ட காடுகளுக்கு அனுப்பப்பட்டனர். 1978இல் அவர்கள் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவுக்குத் திரும்பிவந்து தாமே ஊரமைத்தபோது, இடதுசாரி அரசின் காவல்துறை 1979இல் முற்றுகையிட்டுச் சுட்டு விரட்டியது. எல்லைக்கு அப்பால் எழுந்த வங்காளிக்கு நாடாளுமன்றம் எழுந்து நின்றது. எல்லைக்கு இப்பால் வந்துசேர்ந்த தலித் வங்காளிக்கு ஒரு தீவும் மறுக்கப்பட்டது.

மியான்மர் வேறு வகையான பாடம். 1988 எழுச்சியின்போது இந்தியா வெளிப்படையாகப் போராட்டக்காரர்கள் பக்கம் நின்றது. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு இராணுவ ஆட்சியை எரிச்சலூட்டியது. 1990களின் நடுவில் நிலை மாறியது. வடகிழக்கின் ஆயுதக் குழுக்களை அடக்க மியான்மர் இராணுவம் தேவை, சீனத்துக்கு முழுமையாக விட்டுவிடக் கூடாது என்ற கணக்கு மேலோங்கியது. 2021 பிப்ரவரியில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. மார்ச் 27 அன்று, மக்கள் தெருக்களில் சுட்டுக்கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, நேப்பிடோவின் இராணுவ அணிவகுப்பில் இந்தியப் பிரதிநிதி கலந்துகொண்டார். ஜூன் 18இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 1,600 கிலோமீட்டருக்கும் நீண்ட எல்லையைப் பகிரும் நாடு கண்மூடி நடக்க முடியாது என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் அதே எல்லையில் வாழும் மிசோ மக்கள் வேறு முடிவெடுத்தார்கள். அகதிகளைத் தடுக்க ஒன்றிய உள்துறை மார்ச் மாதம் கடிதம் எழுதியபின்னும், மிசோரம் அரசும் தேவாலயங்களும் இளைஞர் அமைப்புகளும் கதவைத் திறந்து வைத்தன. எல்லையோர மக்களுக்கும் தலைநகருக்கும் தேசிய நலன் என்ற ஒரே சொல் இரு பொருள்களைத் தந்தது.

இந்தப் பின்னணியோடு 2022க்கு வந்தால் காட்சி தெளிவாகிறது. மார்ச் இறுதியில் அதிபரின் இல்லத்தைச் சூழ்ந்த போராட்டம், ஏப்ரல் 9 முதல் காலிமுகத் திடலில் கூடாரமிட்டது. ஜூலை 9இல் மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தனர். சில நாட்களில் கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடினார். மாளிகைக்குள் மக்கள் நுழைந்ததற்கு மறுநாளே இந்திய வெளியுறவுத் துறை, தாம் இலங்கை மக்களோடு நிற்பதாகவும், அவ்வாண்டில் 380 கோடி டாலருக்கு மேல் உதவியிருப்பதாகவும் கூறியது. 1971இல் அரசோடு நின்ற இந்தியா இம்முறை மக்களோடு நின்றதாகச் சொன்னது. எரிபொருளும் மருந்தும் அரிசியும் போய்ச் சேர்ந்தது நல்லதே. அதில் நாம் குறைகாணவில்லை. ஆனால் அதைக் கொள்கையின் வெற்றி என்று கொண்டாடுவோர், மக்களோடு என்ற அந்தச் சொல்லுக்கு அருகிலேயே அரசமைப்பு நெறிமுறை, நிறுவப்பட்ட அமைப்புகள் என்ற சொற்களும் இருந்ததைப் படிக்க வேண்டும். ஜூலை 22 விடியலில் புதிய அதிபர் ரணில் விக்கிரமசிங்கவின் படையினர் திடலில் எஞ்சியிருந்தவர்களை அடித்து விரட்டியபோது, அந்த ஒருமைப்பாட்டின் குரல் கேட்கவில்லை.

தமிழ்நாட்டின் நடத்தை இதில் கவனிக்கத்தக்கது. 2022 ஏப்ரல் 29இல் சட்டமன்றம், இலங்கைக்கு உதவிப்பொருள் அனுப்ப ஒன்றிய அரசின் அனுமதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது: 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, உயிர்காக்கும் மருந்துகள். வடக்கு, கிழக்குத் தமிழரோடு மலையகத் தோட்டத் தொழிலாளரும் முதலில் நினைக்கப்பட்டனர். பின் அனைத்து மக்களுக்கும் என்று விரிந்தது. அரிசி அனுப்புவதற்குக் கூட தில்லியின் இசைவு வேண்டும் என்ற நிலை இருக்க, மலையகம் ஓர் இந்திய அரசு ஆவணத்தில் பெயர் சொல்லி இடம்பெற்றதை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

மலையகத்துக்கு ஒன்றிய அரசும் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தோட்டப் பகுதிகளில் 4,000 வீடுகள் கட்டப்பட்டன. மேலும் 10,000 வீடுகளை 2017இல் நோர்வூட்டில் மோடி அறிவித்தார். 2023இல், அம்மக்கள் இலங்கைக்கு வந்த 200ஆம் ஆண்டையொட்டி, 75 கோடி ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. ஆனால் கடல் கடந்து கட்டும் வீட்டின் கருணை, கடல் கடந்து வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1983க்குப் பின் அகதிகளாக வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்பவர்களுள் ஆயிரக்கணக்கானோர் மலையக வழியினர். அவர்களில் பலர் இரு நாட்டு ஒப்பந்தங்களின்படியே இந்தியராகியிருக்க வேண்டியவர்கள். குடியுரிமை கோரி அத்தகையோர் சிலர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களுடைய விண்ணப்பங்களைப் பெற்று ஒன்றிய அரசு உரிய காலத்தில் பரிசீலிக்க வேண்டும் என்றது. ஆறே மாதத்தில், டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகள். இலங்கை அதில் இல்லை.

நாம் செய்யக்கூடியது என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை முறைப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று, அரசமைப்பின் செயற்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலையா ஆணையம் 2002இலேயே பரிந்துரைத்தது. இரண்டு பத்தாண்டுகள் கடந்தும் பரிந்துரை அலமாரியில் இருக்கிறது. மக்கள் கூட்டம் ஒன்றின் குடியுரிமையையோ வாழ்விடத்தையோ பிழைப்பையோ மாற்றும் எந்த உடன்பாடும், அம்மக்களின் பிரதிநிதிகளைக் கேட்காமலும் நாடாளுமன்றத்தில் வைக்கப்படாமலும் நடைமுறைக்கு வரக் கூடாது என்னும் ஒற்றை விதி அச்சட்டத்தில் இருந்தால், 1964 மறுமுறை நிகழ்வது கடினம். வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கோரும் வேளைகள் உண்டு. அடுத்த முறை இலங்கை குறித்து அது கோரும்போது, முகாம்களில் காத்திருக்கும் மலையக வழியினரின் விண்ணப்ப எண்களோடு நம் மாவட்டத்திலிருந்து மனுக்கள் போக வேண்டும். அவற்றை எழுதுவதற்கான பயிற்சியை உத்தமபாளையத்தில் தொடங்கியிருக்கிறோம். சட்டம் படிக்காதவர்களும் வரலாம்.